ஓமந்தைக்கு வடக்கே அரை மணிநேரம்

லினக்ஸ் ஓடும் ஏறத்தாழ எந்தக் கணினியை எடுத்தாலும், உலகத்து நேரங்களின் கணக்கு அதற்குள் ஒரு சிறு பொதியாக இருக்கும். டிஸெட்டேட்டா என்று பெயர். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த நாளில் மணிக்கூட்டை முன்னுக்கோ பின்னுக்கோ திருப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாகப் பதிந்து கிடக்கிறது. மூலக்கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். விரும்பியவர் திறந்து வாசிக்கலாம். ‘ஆசியா’ என்ற கோப்பில் இலங்கைக்கான பகுதியில், கணினி கவனிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு வரிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றின் சாரம் இது: தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிகளில் இருப்பவர்கள் கொல்கத்தா நேரத்தைத் தெரிவுசெய்யலாம், 1970 தொடக்கம் அந்தப் பகுதிகளின் நேரமும் கொல்கத்தாவின் நேரமும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றன. எழுதியவர் லொஸ் ஏஞ்சல்ஸில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போல் எகர்ட். எழுதியது 2006 ஏப்ரலில்.

உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போகிற ஒரு பொதியின் மூலத்தில், தமிழர் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்கு இடம் கிடைத்தது மின்சாரத்தால். 1996இல் நாட்டில் கடும் மின்தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அரசாங்கம் மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு 2006 வரை இலங்கை கிரீன்விச்சுக்கு 6 மணிநேரம் முன்னால் ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் இதை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரைதான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. வவுனியாவிலிருந்து பஸ் ஏறியவர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும். புளியங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்தில் இறங்கி ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால், புது நேரமா பழைய நேரமா என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், அரசாங்கமும் ஐந்தரைக்கே திரும்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 மறுபடி மூடுண்டது. வீதியும் திறந்திருந்து மணியும் ஒன்றாயிருந்த காலம் நாலு மாதம்கூட நிறையவில்லை.

கனகராயன்குளத்துக்குள்ளேயே தொழில், பள்ளிக்கூடம், கோயில் என்று இருந்தவருக்குப் பழைய நேரத்தால் ஒரு குறையும் இல்லை. கொழும்பில் இருந்தவருக்குப் புது நேரத்தாலும் இல்லை. இரண்டும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே ஓடின. இடறியது ஓமந்தையில், இரண்டும் முட்டுகிற கோட்டில். லினக்ஸில் மென்பொருளைப் புதுப்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கதைகளைக் கேட்டால், அநேகமாக எல்லாவற்றிலும் இப்படி ஓர் ஓமந்தை இருக்கும். புதியது கெட்டதாக இருந்து கவிழ்ந்தவை சில. பாதி புதியதும் பாதி பழையதுமாக நின்று கவிழ்ந்தவைதான் அதிகம்.

பெரும்பாலான லினக்ஸ் வகைகள் பதிப்புப் பதிப்பாக வருகின்றன. டெபியனின் 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வரும். மற்றபடி பொதிகள் வந்தபடியே இருக்கும். இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதற்குப் பதிப்பு என்பதே கிடையாது. ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட், வொய்ட், ஜென்டூ எல்லாம் அந்தக் குடும்பம். எழுதியவர் ஒரு மென்பொருளின் புதிய வடிவத்தை வெளியிட்டால், சில நாளில் அது உங்கள் கணினிக்கு வந்துவிடும். ஒருமுறை நிறுவினால் போதும். பிறகு ஓடிக்கொண்டே இருக்கும். ரோலிங் என்று பெயர் வந்தது அதனால்தான். கனடாவின் ஜட் வினே ஆர்ச்சின் முதல் வடிவத்தை வெளியிட்டது 2002 மார்ச்சில், ஏ-9 திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு.

இதை விரும்பிப் போகிறவர்களுக்குக் காரணம் உண்டு. நேற்று வாங்கிய லப்டொப்பின் வைஃபை, லினக்ஸின் மையமான கேர்னல் பழையதென்றால் வேலை செய்யாது, புதியதென்றால் செய்யும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக் கைநடுங்குவதைவிட, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மாற்றுவது சுலபம் என்பதும் ஒரு வாதம். அது முழுக்கப் பொய்யுமில்லை, முழுக்க உண்மையுமில்லை.

ஏன் என்று பார்க்க ஒரு பொதிக்குள் போக வேண்டும். பிரவுசரோ, படம் திருத்தும் செயலியோ, எந்த நிரலும் தன் வேலை முழுவதையும் தானே செய்வதில்லை. பூட்டிய செய்தியைத் திறக்க, சுருக்கிய கோப்பை விரிக்க, எழுத்தைத் திரையில் வரைய என்று ஒவ்வொன்றுக்கும் பொது நூலகக் கோப்புகள் இருக்கின்றன. பல நூறு நிரல்கள் ஒரே நூலகத்தை நம்பி நிற்கும். அந்த நூலகக் கோப்பின் பெயர் நுனியில் ஓர் எண் ஒட்டியிருக்கும். நூலகம் பேசும் முறை மாறினால் எண்ணும் மாறும்: ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். இரண்டாம் எண்ணைக் கேட்டுக் கட்டப்பட்ட நிரலுக்கு மூன்றைக் கொடுத்தால் அது ஓடாது, அடம்பிடித்து நின்றுவிடும். நிற்பது நல்லதுதான், ஓடித் தவறாக எழுதித் தொலைப்பதைவிட.

ஆர்ச்சில் பொதிகளைக் கையாளும் நிரல் பக்மன். அதற்கு ‘எஸ் வை யு’ என்ற மூன்று எழுத்தைக் கொடுத்தால், புதிய பட்டியலை இறக்கி, இருக்கிற எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பிக்கும். கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒரு பொதியின் பெயரை மட்டும் கொடுத்தாலும் அது மறுக்காது. பட்டியல் இன்றையது, வந்திறங்கும் பொதி இன்றையது, மற்றவையெல்லாம் இரண்டு மாதப் பழசு. டேட்டா குறைவாக இருக்கிற நாளில் ஒரு பிரவுசரை மட்டும் புதுப்பிப்போம் என்று நினைப்பது இயல்பு; வன்னியில் ரீலோட் போட்டு இணையம் பாவிக்கிற எவருக்கும் அந்த எண்ணம் வரும். இதைத்தான் ஆர்ச்காரர்கள் பாதிப் புதுப்பிப்பு என்கிறார்கள், எங்கள் ஆதரவில்லை என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் ஆர்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறி நூலகம் மூன்றாம் தலைமுறைக்கு மாறியது. அதை நம்பி நின்ற பொதிகளையெல்லாம் ஆர்ச்காரர்கள் மறுபடி கட்டி ஒன்றாக அனுப்பினார்கள். ஒன்றாக ஏற்றியவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்தெடுத்து ஏற்றியவர்களில் சிலருக்குப் பக்மனே ஓடாமல் போனது, ஏனென்றால் பக்மனும் அதே நூலகத்தைத்தான் நம்பியிருக்கிறது. பழுதைத் திருத்தும் கருவியே பழுதானால் உள்ளேயிருந்து ஒன்றும் செய்ய முடியாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

இதைவிட மோசமானது 2012 ஜூலையில் நடந்தது. ஜிலிப்சி என்ற அடித்தள நூலகம் இல்லாமல் லினக்ஸில் ஏறத்தாழ எந்த நிரலும் எழும்பாது. அதன் கோப்புகள் இருந்த ‘லிப்’ என்ற அடைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறோர் அடைவைச் சுட்டும் இணைப்பை வைக்க ஆர்ச் முடிவெடுத்தது. அந்த அடைவில் வேறு யாருடைய கோப்பாவது கிடந்தால் பக்மன் மறுத்துவிடும். இன்ன வரிசையில் செய்யுங்கள், வலுக்கட்டாயக் கட்டளையை மட்டும் பாவிக்காதீர்கள் என்று முகப்பிலேயே அறிவித்தல் போட்டார்கள். வாசிக்காதவர்கள் அதையே பாவித்தார்கள். அடுத்த கணம் கோப்புகளைப் பட்டியலிடும் இரண்டெழுத்துக் கட்டளைகூட அவர்களுக்கு ஓடவில்லை. நிரல்களை எழுப்பிவிடும் சிறு ஏற்றிக் கோப்பு எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை. வட்டில் எல்லாம் இருந்தது, எதையும் தொட முடியவில்லை. பிற்காலத்தில் அந்த வலுக்கட்டாயக் கட்டளையைப் பக்மனிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தக் கோப்பை மேலெழுதலாம் என்று பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். நல்ல முடிவு.

இவ்வளவு ஆபத்துக்கு நடுவே, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எலும்பை மாற்றுவது எப்படிச் சாத்தியம்? யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது அடைவில் எழுதிய ஒரு வரி. அது வட்டில் கிடக்கிற உண்மையான கோப்பைச் சுட்டும். பெயரை அழித்தாலும், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிற நிரல் ஒன்று உயிரோடு இருக்கும்வரை கோப்பு அழியாது. ஆகவே பிரவுசரில் நீங்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் அதன் நூலகங்களெல்லாம் மாறிவிட்டிருக்கும். திறந்திருக்கும் பிரவுசர் பழைய கோப்புகளோடு தன்பாட்டில் ஓடும். அடுத்து திறக்கிற நிரல் புதியவற்றை எடுக்கும். பெயரற்றுப்போன பழைய கோப்பின் கடைசிப் பயனாளர் எழுந்துபோனதும் கேர்னல் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிடும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், ரோலிங் என்ற யோசனையே எழும்பியிராது என்பது என் எண்ணம்.

கேர்னலிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. ஏ-9 ஓரத்தில் ஒரு கொமினிக்கேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடைக்காரர் எல்லாவற்றையும் புதுப்பித்தார், பிழை ஒன்றும் காட்டவில்லை, கணினியை மீளத் தொடக்கவும் இல்லை. பத்து மணிக்கு ஒரு பெடியன் சுயவிபரக்கோவையைப் பிரதியெடுக்கப் பென்ட்ரைவோடு வருகிறான். செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. வேறு துளையில் செருகினாலும் இல்லை. பென் பழுது என்று பெடியனிடம் சொல்லத் தோன்றும். நடந்தது வேறு: நினைவகத்தில் ஓடுவது நேற்றைய கேர்னல். பென்னை வாசிக்கத் தேவையான துணைக்கூறை அது அப்போதுதான் வட்டில் தேடுகிறது. பழைய கேர்னலின் துணைக்கூறுகள் இருந்த அடைவையே காலைப் புதுப்பிப்பு அழித்துவிட்டது. புதியவை பக்கத்து அடைவில், தங்கள் கேர்னல் எழும்பும்வரை காத்திருக்கின்றன. ஒருமுறை மீளத் தொடக்கினால் எல்லாம் சரி. இது தெரியாதவர் அரை நாள் தலையைப் பிய்ப்பார்.

எங்கள் பக்கத்தில் இன்னோர் ஆபத்து, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அறிவித்து வெட்டினால் நேரம் பார்த்து வேலை செய்யலாம். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் போய்த் தொட்டு முழுத் தீவும் இருண்டபோது எந்த அறிவித்தலும் இருக்கவில்லை. புதுப்பித்தல் கையேடுகளை எழுதுகிறவர்கள் குரங்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது எந்த நிமிடத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. பக்மன் முதலில் பொதிகளை முழுக்க இறக்குகிறது. பிறகு ஒவ்வொன்றின் கையெழுத்தையும் சரிபார்க்கிறது. கோப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கிறது. இதுவரை கரண்ட் போனால் நட்டம் டேட்டா மட்டும். பொதிகளைப் பிரித்து வட்டில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் கண்டம். எழுதியதாகக் கணினி நம்பிய கோப்புகள் வட்டுக்குப் போய்ச் சேராமல், மீளத் தொடக்கும்போது நீளம் பூச்சியமாகக் கிடக்கலாம். ‘கோப்பு மிகக் குட்டை’ என்ற பிழைச்செய்தி வந்தால் அநேகமாக இதுதான். கேர்னல் மாறி, அது எழும்புவதற்குத் தேவையான ஆரம்பப் படிமம் கட்டுப்படுவது கடைசிக் கட்டத்தில். இந்த இரண்டுக்கும் நடுவே இருட்டினால், அடுத்தமுறை கணினி எழும்பாது.

எழும்பாத கணினியும் செத்த கணினியல்ல. நிறுவப் பாவித்த பென்னில் அதே ஆர்ச் இருக்கிறது. அதிலிருந்து எழுப்பி, கணினியின் வட்டை இணைத்து, அதற்குள் புகுந்து, பக்மன் விட்டுச்சென்ற பூட்டுக் கோப்பை அழித்து, அன்றைய பதிவேட்டில் இருக்கும் பொதிகளை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் மீளும். பதிவேடு வெறும் எழுத்துக் கோப்புத்தான்: எத்தனை மணிக்கு எந்தப் பொதி எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறியது என்று வரிவரியாக இருக்கும். பென் மட்டும் கைவசம் வேண்டும். எழும்பாத கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பென்னைத் தயாரிக்க முடியாது.

மின்சாரம் இருந்தும் எழும்பாமல் போன சம்பவம் ஒன்று 2022 ஓகஸ்டில் நடந்தது. கணினி எழும்பும்போது எந்தக் கேர்னலை எடுப்பது என்று பார்க்கிற கிரப் என்ற நிரல் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று வட்டின் தொடக்கப் பகுதியில் முன்னொரு நாள் பதித்தது. மற்றது அதற்கான அமைவுக் கோப்பு. பொதி புதிதானபோது அமைவுக் கோப்பைப் பலர் புதிதாக எழுதினார்கள். பதித்த துண்டைப் புதுப்பிக்கவில்லை. புதிய கோப்பில் ஒரு கேள்வி இருந்தது: இந்த இயந்திரத்தில் பயோஸ் அமைவுத் திரைக்குப் போகிற வசதி இருக்கிறதா? பழைய துண்டுக்கு அதைக் கேள்வியாக விளங்கிக்கொள்ளத் தெரியாது. கட்டளை என்று எடுத்துக்கொண்டு நேரே பயோஸ் திரைக்கே கூட்டிப்போனது. அணைத்துத் தொடக்கினாலும் அங்கேயேதான். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டவர்ஓஎஸ் பாவனையாளர்கள் பலர் அந்த வாரம் இப்படி மாட்டினார்கள். புதிய கிரப்பிலும் குற்றமில்லை, பழைய கிரப்பிலும் இல்லை.

பின்னுக்குப் போக ஒரு கதவு இருந்தால் இதெல்லாம் இவ்வளவு பயமுறுத்தாது. டம்பிள்வீட்காரர்கள் அதை முன்கூட்டியே பொருத்தித் தருகிறார்கள். அதன் கோப்பு முறைமை பட்டர்எஃப்எஸ். அதில் ஒரு கோப்பை மாற்றினால் பழைய எழுத்துக்கு மேல் எழுதாது. வேறிடத்தில் எழுதி, சுட்டியை மட்டும் மாற்றும். அதனால் இந்தக் கணத்தில் வட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு பிடிப்பு எடுத்து வைப்பதற்கு ஒரு விநாடியும் ஆகாது, இடமும் பிடிக்காது; பிறகு மாறுகிற பகுதிக்கு மட்டும் இடம் போகும். ஸ்னப்பர் என்ற கருவி ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் ஒரு பிடிப்பு எடுக்கும். கணினி எழும்பாவிட்டால் தொடக்கத் திரையில் நேற்றைய பிடிப்பைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம். பொதிகளை வெளியிடுவதற்கு முன்னரே, ஓப்பன்கியூஏ என்ற தானியங்கி ஒரு மெய்நிகர் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, திரையைப் பார்த்துப் பார்த்துச் சோதிக்கவும் செய்கிறது. இன்னொரு படி மேலே போனது நிக்ஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ட்ரா 2006இல் தந்த முனைவர் ஆய்வேட்டில் அதன் அடிப்படை இருக்கிறது. ஒவ்வொரு பொதிக்கும், அது எவற்றைக்கொண்டு கட்டப்பட்டதோ அவற்றிலிருந்து கணித்த தனி அடையாளம். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்து அடைவுகளில் சண்டையின்றி இருக்கும். வட்டிடம் கூடப் போகும், படிக்க நாளெடுக்கும். ஆனாலும் அழகான சிந்தனை.

இவ்வளவும் கேட்டவர் ‘அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடுகிறேன்’ என்று சொல்லலாம். நேரப் பொதி அதற்கும் இடம் கொடுக்காது. 2006 ஏப்ரல் 15க்குப் பிறகு, பழைய டிஸெட்டேட்டாவோடு கொழும்பு நேரத்தில் இருந்த கணினிகள் தாங்கள் சரியென்ற நம்பிக்கையோடு அரை மணி முந்தியே ஓடின. உலகம் மாறும்போது நிற்கிறவரும் விலகிப்போகிறார். மறுபக்கம், முந்திக்கொண்டு மாறியவர் மாட்டிய கதையும் உண்டு. 2023 மார்ச் 23 அன்று லெபனான் பிரதமர் நஜீப் மிக்காத்தி, இரண்டு நாளில் தொடங்கவேண்டிய கோடைக்கால நேரத்தை நோன்பு முடியும்வரை தள்ளிவைத்தார். மரோனைட் திருச்சபை ஏற்க மறுத்தது. ஒரே பெய்ரூட்டில் சில நிறுவனங்கள் ஒரு நேரத்திலும் சில இன்னொரு நேரத்திலும் இயங்கின; சில கைபேசிகள் ஒரு மணி முன்னே போயின, சில போகவில்லை. நேரக் கணக்கைப் பராமரிப்பவர்கள் அறிவிப்பை நம்பி 2023பி என்ற பதிப்பை உடனே வெளியிட்டார்கள். சில நாளில் அமைச்சரவை முடிவை மாற்றியது. 28ஆம் திகதி 2023சி வந்தது: தரவில் அது, 2023பிக்கு முந்திய 2023ஏயின் அச்சொட்டான பிரதி. இடைப்பட்ட நாட்களில் புதுப்பிக்காதவரிடம் இருந்த தரவுதான் கடைசியில் நிலைத்தது.

நேரப் பொதியில் ஊர்ப்பெயர் ஒன்று மாறியதன் தொல்லையும் இன்னும் ஓயவில்லை. கல்கத்தா என்ற நேர அடையாளத்தை 2008இல் கொல்கத்தா ஆக்கினார்கள். பழைய பெயரும் செல்லும்படி ஓர் இணைப்பை விட்டுவைத்தார்கள். 2023இல் டெபியன் இத்தகைய பழைய பெயர்களையெல்லாம் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டது, கேட்டால்தான் வரும். இந்திய நேரத்தில் வைத்த விண்டோஸ் கணினியில் ஜாவா இன்றைக்கும் ‘கல்கத்தா’ என்றே சொல்கிறது. அதைக் கேட்ட புதிய டெபியன் மேல் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அப்படி ஓர் இடமே இல்லை என்று இணைப்பை மறுக்கிறது. கடவுச்சொல் சரி, வலையமைப்பு சரி, ஊரின் பெயர்தான் பிழை. இந்திய நிரலாளர்கள் பலர் இதில் நேரம் தொலைத்திருக்கிறார்கள்.

புதியதே கெட்டதாக வந்த சம்பவத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2024 மார்ச் 29 அன்று, அப்போது மைக்ரோசொஃப்டில் பணியாற்றிய போஸ்ட்கிரெஸ் நிரலாளர் அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்எச், வழமையைவிட அரை விநாடி தாமதிப்பதை அவர் தற்செயலாகக் கவனித்துத் தோண்டியிருந்தார். எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய வடிவங்களில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பிறகு செய்த வேலை. டம்பிள்வீட், டெபியனின் ‘சிட்’ கிளை, ஃபெடோராவின் சோதனைக் கிளை என்று விரைந்து ஓடுகிறவர்களிடம்தான் அது போய்ச் சேர்ந்தது. ஆர்ச்சுக்கும் போனது, ஆனால் ஆர்ச்சின் எஸ்எஸ்எச் அந்த நூலகத்தோடு நேரடியாக இணையாததால் கதவு திறக்க வழியிருக்கவில்லை. டம்பிள்வீட்காரர்கள் பழைய எக்ஸ்ஸெட்டுக்குத் திரும்பிப் புதிய வெளியீட்டை விட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைக் காட்டி ரோலிங்கே ஆகாது என்பவர்கள் உண்டு. ஃபுரொயின்ட் அதைக் கண்டுபிடித்தது டெபியன் சிட் ஓடுகிற கணினியில் என்பதை அவர்கள் சொல்வதில்லை. யாரும் முன்னால் ஓடாதிருந்தால், அது சத்தமில்லாமல் அடுத்த நிலைப்பதிப்புக்குள் போய், வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கும். முன்னால் போகிறவர் அடிபடுகிறார், பின்னால் வருகிறவர் தப்புகிறார். இதில் யாருக்கு யார் கடன் என்பதை யோசிக்கலாம்.

அதற்காகக் கடை மேசைக் கணினியில் ஆர்ச்சைப் போடச் சொல்லமாட்டேன். வாசலில் ஆள் நிற்கும்போது பயோஸ் திரையோடு மல்லுக்கட்ட முடியாது. அங்கே டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ போதும். பழகுகிற பிள்ளைக்கு, வீட்டுக் கணினிக்கு, புது லப்டொப்புக்கு ரோலிங் நல்ல பள்ளிக்கூடம். பட்டர்எஃப்எஸ்ஸைப் படிக்க ஆசையில்லாதவரும், பிடிப்புகள் தயாராக வருவதால் டம்பிள்வீட்டை எடுக்கலாம்.

ஆர்ச்தான் வேண்டும் என்பவருக்கு வேலை அதிகமில்லை, ஒழுங்குதான் வேண்டும். முதலில் ஆர்ச்சின் முகப்பு அறிவித்தலை வாசிக்க வேண்டும். 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபேர்ம்வெயார் பொதியைப் பல துண்டாகப் பிரித்தபோது, பழையதை அகற்றிவிட்டுப் புதியதை நிறுவுங்கள் என்று அங்கே இரண்டு வரி இருந்தது. வாசித்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. மழைக்கறுப்பில் தொடங்கக் கூடாது. லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ். டேட்டாவுக்குக் கஷ்டமென்றால் இரவுப் பக்கேஜில் பொதிகளை இறக்கி மட்டும் வைத்துவிட்டு மறுநாள் நிறுவலாம். பக்மனுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் இறக்கியவற்றை முழுவதுமாக நிறுவுமுன் வேறு எந்தப் புதுப் பொதியையும் கேட்கக் கூடாது. வழமைக் கேர்னலோடு நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கேர்னலையும் வைத்திருந்தால், ஒன்று முரண்டு பிடிக்கும்போது மற்றது எழும்பும். நீங்கள் கைவைத்துத் திருத்திய அமைவுக் கோப்புகளைப் பக்மன் அழிக்காது. புதியதைப் பக்கத்தில் ‘பக்நியூ’ என்ற வாலோடு வைத்துவிட்டுப் போகும். அவற்றைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், பாதி புதுசு பாதி பழசு என்ற அதே வில்லங்கம் உங்கள் கையாலேயே சேர்ந்துகொண்டுபோகும். வீட்டுக் கோப்புகளுக்குத் தனிப் பிரதி வேண்டும். பிடிப்பு அதே வட்டில்தான் இருக்கிறது, வட்டு போனால் அதுவும் போகும்.

முடிந்ததும் மீளத் தொடக்கி, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் ஒரு தாள் தள்ளுகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் விழுகிறதா, பென் திறக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஏதாவது சரிவராவிட்டால், முந்திய பொதி இன்னும் பக்மனின் சேமிப்பு அடைவிலேயே இருக்கும். இணையமில்லாமலும் அதைத் திருப்பி நிறுவலாம். நாலைந்து நாள் பாவித்துப் பார்த்த பிறகு அந்த அடைவைத் துப்புரவாக்கலாம். அதற்கான பக்கேஷ் என்ற கருவி, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பொதியிலும் கடைசி 3 வடிவங்களை விட்டுவைத்துவிட்டு மற்றதை மட்டுமே அழிக்கும்.